கிளாஸ் கலகலன்னு இருந்துச்சு, மார்க் ஏன் ஏறல? பிஎச்டி பண்ற ஒரு ஆசிரியைக்கு பதில்

கேள்வி: நான் இன்ஜினியரிங் காலேஜ்ல முதல் வருஷ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன், ஒன்பது வருஷ அனுபவம். பார்ட் டைம் பிஎச்டில சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. டாபிக் "ஸ்டெம் கற்பித்தலை மேம்படுத்துதலும் மாணவர் ஈடுபாட்டை உயர்த்துதலும்" (ஸ்டெம்னா அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்). கைடு ரொம்ப அகலமா இருக்கு, சுருக்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டார். போன செமஸ்டர்ல ஒரு செக்ஷன்ல 60 பேருக்கு போன்ல ஆடுற க்விஸ் கேம், சிமுலேஷன் எல்லாம் வச்சு நடத்துனேன், இன்னொரு 60 பேருக்கு வழக்கம் போல போர்டுல. கேம் வச்ச கிளாஸ் ஒரே கலகலப்பு, ஃபீட்பேக் ஃபார்ம்ல பத்துல ஒன்பது பேர் நல்லா புரிஞ்சுதுன்னு டிக் பண்ணிருந்தாங்க. ஆனா இன்டர்னல் மார்க் ரெண்டு செக்ஷன்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இத கைடுகிட்ட காட்டவே தயக்கமா இருக்கு. என் மெத்தட் தப்பா? ஈடுபாட்ட எப்படி அளக்குறது? 120 பேர் போதுமா? வேலையையும் பாத்துகிட்டு இத முடிக்க முடியுமா?

பதில்:

மேடம், முதல்ல அந்த ரிசல்ட்ட ஒளிச்சு வைக்காதீங்க. உங்க லெட்டர்லயே விலை மதிப்பான வரி அதுதான். பசங்க புரிஞ்சுதுன்னு சொல்றாங்க, மார்க் ஏறல, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிலதான் உங்க பிஎச்டி இருக்குன்னு நான் நினைக்கிறேன். நான் இந்த துறைல பதினெட்டு வருஷமா இருக்கேன், ஆசிரியர்களா இருந்துகிட்டே ஆராய்ச்சிக்கு வர்றவங்கள நிறைய பாத்திருக்கேன், பாதிப்பேர் இந்த மாதிரி ஒரு டேட்டா வந்ததும் பயந்து போய் அத தூக்கி போட்டுட்டு வேற ஆப், வேற கேம்னு தேடிகிட்டு போய்டுவாங்க. நீங்க அங்கயே நில்லுங்க.

உங்களுக்கு நடந்தது புதுசும் இல்ல. 2019ல ஹார்வர்ட்ல டெலோரியே குழு முதல் வருஷ பிசிக்ஸ் கிளாஸ்ல ஒண்ணு பண்ணாங்க. ஒரே பாடம், ஒரே நோட்ஸ், ஒரு குரூப்புக்கு நல்லா பேசத் தெரிஞ்சவர் தெளிவா லெக்சர் எடுத்தார், இன்னொரு குரூப் தாங்களே கணக்க போட்டு முட்டி மோதி பாத்தாங்க, அப்புறம் விளக்கம் கெடச்சுது. டெஸ்ட் வச்சா முட்டி மோதுன குரூப்தான் நல்லா பண்ணுச்சு, ஆனா எவ்ளோ கத்துகிட்டீங்கன்னு கேட்டப்போ லெக்சர் கேட்ட பசங்கதான் நிறைய கத்துகிட்டதா சொன்னாங்க. தலைகீழ். ஏன்னா தடுமாறுறப்போ எனக்கு ஒண்ணும் புரியலன்னு தோணும், வழுவழுன்னு போற லெக்சர கேக்குறப்போ எல்லாம் புரியுற மாதிரி இருக்கும். அதனால உங்க ஃபீட்பேக் ஃபார்ம் பொய்னு நான் சொல்ல வரல, பசங்க மனசுல பட்டத எழுதிருக்காங்க, ஆனா அந்த ஃபார்ம் அளக்குறது மனசுல பட்டத மட்டும்தான். கத்துகிட்டத அளக்க வேற கருவி வேணும்.

இப்ப ஈடுபாடு. இந்த வார்த்தைய வச்சு எழுதுற தீசிஸ்ல முக்காவாசி இங்கதான் வழுக்கி விழுது. 2004ல ஃப்ரெட்ரிக்ஸ், ப்ளூமன்ஃபெல்ட், பாரிஸ்னு மூணு பேர் இத மூணா பிரிச்சு எழுதுனாங்க, இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறாங்க: நடத்தைல தெரியுற ஈடுபாடு, அதாவது வர்றது, கை தூக்குறது, நோட்ல எழுதுறது, உணர்வுல இருக்குற ஈடுபாடு, பிடிக்குது பிடிக்கலங்குறது, சிந்தனைல இருக்குற ஈடுபாடு, ஒரு விஷயத்த விடாம தலைக்குள்ள போட்டு உருட்டுறது. உங்க கேம் முதல் ரெண்டையும் ஏத்திருக்கு, சந்தேகமே இல்ல. மூணாவது ஏறுச்சான்னு உங்ககிட்ட ஒரு துண்டு டேட்டா கூட இல்ல. பத்து செகண்டுல நாலு பட்டன்ல ஒண்ண அமுக்கணும்னா யாரால யோசிக்க முடியும், சொல்லுங்க. அது ஞாபகத்துல இருந்து எடுக்குற வேலை, அதுக்கும் பயன் உண்டு, ஆனா மனசுல இருக்குற தப்பான கருத்து மாறுறதுக்கு அது பத்தாது.

மிஷலீன் சி, ரூத் வைலினு ரெண்டு பேர் 2014ல ஐகேப்னு ஒரு சட்டகம் கொடுத்தாங்க. சும்மா கேட்டுட்டு உக்காந்திருக்குறது அடில, கைய வச்சு ஏதாவது பண்றது (அடிக்கோடு போடுறது, பட்டன் அமுக்குறது) அதுக்கு மேல, குடுத்தத தாண்டி தானே ஒண்ண உருவாக்குறது (காரணம் எழுதுறது, படம் வரையுறது) அதுக்கும் மேல, ரெண்டு பேர் ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் பிடிச்சு வாதாடி கட்டுறது உச்சில. உங்க லெசன் பிளான எடுத்து ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் பக்கத்துல இதுல எந்த படின்னு பென்சில்ல எழுதிப் பாருங்க. பல பேர் ஆக்டிவ் லேர்னிங், அதாவது பசங்களே செஞ்சு கத்துக்குறதுன்னு நினைச்சு பண்ணது எல்லாம் ரெண்டாவது படியிலயே நின்னிருக்கும், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.

அத கொஞ்சம் சொல்றேன். நான் பிஎச்டி பண்றப்போ என் கிளாஸும் உங்களுது மாதிரிதான் சத்தமா சந்தோஷமா இருக்கும், நான் அதுல திருப்தியா இருந்தேன். ஒரு நாள் கிளாஸ் முடிஞ்சு ஒரு பையன நிறுத்தி, கேம்ல முதல் மூணுக்குள்ள வந்த பையன், ஒரு வெள்ள பேப்பர குடுத்து சொன்னேன், பந்த நேரா மேல போட்டிருக்க, கைய விட்டு போயிடுச்சு, இன்னும் மேல ஏறிட்டுதான் இருக்கு, காத்து தடைய மறந்துடு, இப்ப பந்து மேல என்னென்ன விசை இருக்குன்னு வரை, வரையுறப்போ மனசுல ஓடுறத வாய் விட்டு சொல்லுன்னு. அவன் கீழ ஒரு அம்புக்குறி போட்டான், புவியீர்ப்புன்னு எழுதுனான், சரி. அப்புறம் யோசிக்காம மேல நோக்கி அத விட பெருசா ஒரு அம்பு போட்டான். இது என்னன்னு கேட்டேன். "சார், கை குடுத்த விசை, இது பெருசா இருக்குறதாலதான் பந்து மேல போகுது, மேல போகப் போக இது கரைஞ்சிடும், ரெண்டும் சமமாகுறப்போ நிக்கும்"னான். எவ்ளோ அழகான விளக்கம் பாருங்க, முழுசா தப்பு (கைய விட்டப்புறம் பந்து மேல இருக்குறது புவியீர்ப்பு மட்டும்தான்), ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுது. நியூட்டனோட இரண்டாம் விதிய அவன் தலைகீழா ஒப்பிப்பான், கேம்ல அந்த கேள்விக்கு நாலு செகண்டுல பதில் போட்டவன். அந்த பேப்பர் என்கிட்ட இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் வரிசையா அந்த கிளாஸ்ல கேட்டேன், பாதிக்கு மேல அதே மேல் நோக்குற அம்பு.

உங்க இன்டர்னல் மார்க் ஏறாததுக்கு இங்க ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, நிஜமாவே கருத்து மாறல. ரெண்டு, கருத்து கொஞ்சம் மாறிருக்கு, ஆனா ஃபார்முலால நம்பர போடுற கேள்வித்தாள் அத கண்டுபிடிக்காது. ரெண்டுல எதுன்னு இப்ப இருக்குற டேட்டாவ வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் உங்க மெத்தட் தப்பாங்குற கேள்விக்கு இப்ப பதில் சொல்ல மாட்டேன்.

விசை, இயக்கத்துக்கு ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரினு ஒரு டெஸ்ட் இருக்கு, 1992ல ஹெஸ்டனீஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் மூணு பேரும் வெளியிட்டது, இப்ப புழக்கத்துல இருக்குறதுல 30 கேள்வி. கணக்கே கிடையாது. ஒவ்வொரு தப்பான ஆப்ஷனும் நிஜ மாணவர்கள் நம்புற கருத்துல இருந்து எடுத்தது, அந்த பையனோட கரையுற விசை கூட அதுல ஒரு ஆப்ஷனா உக்காந்திருக்கும். பாடத்துக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ குடுக்கணும். 1998ல ரிச்சர்ட் ஹேக் இப்படி 62 கோர்ஸ்ல இருந்து 6,542 மாணவர்களோட மார்க்க சேத்து பாத்தார். அவர் பயன்படுத்துன அளவு ரொம்ப எளிமை: ஏற முடிஞ்ச தூரத்துல எவ்ளோ ஏறுனாங்க. ஒரு கிளாஸ் 30ல இருந்து 51க்கு போச்சுன்னா, ஏற இடம் இருந்தது 70, ஏறுனது 21, அப்ப 0.30. இன்னொரு கிளாஸ் 60ல இருந்து 72க்கு போனா 40ல 12, அதுவும் 0.30தான். ஹேக் கணக்குல வழக்கமான லெக்சர் கோர்ஸ்களுக்கு சராசரி 0.23, மாணவர்கள் பேசி விவாதிச்சு பண்ற கோர்ஸ்களுக்கு 0.48. இந்த அளவ மட்டும் நம்பி தீசிஸ் எழுதாதீங்க, ஆரம்ப மார்க் எவ்ளோங்குறத பொறுத்து இது கொஞ்சம் சாயும், அதனால முன்னாடி வச்ச டெஸ்ட் மார்க்க கோவேரியேட்டா வச்சு அன்கோவாவும், அதாவது ஆரம்ப வித்தியாசத்த கழிச்சுட்டு குரூப்புகள ஒப்பிடுற புள்ளியியல் கணக்கும் சேத்து போடுங்க, எக்ஸாமினர் கண்டிப்பா கேப்பார்.

இன்னொரு விஷயம், டெஸ்ட மொழிபெயர்த்து பயன்படுத்துனீங்கன்னா நாலஞ்சு பசங்கள உக்கார வச்சு ஒவ்வொரு கேள்வியையும் அவங்க எப்படி புரிஞ்சுக்குறாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் குடுங்க. க்ரோன்பாக் ஆல்ஃபாங்குற நம்பர் 0.7 வந்துடுச்சு, டெஸ்ட் சரின்னு பல பேர் எழுதிடுறாங்க, கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதுன்னுதான் அது சொல்லும், நீங்க அளக்க நினைச்சதத்தான் அளக்குதான்னு அதால சொல்ல முடியாது.

இனி டாபிக். ஆக்டிவ் லேர்னிங் லெக்சர விட நல்லதாங்குற கேள்விய தயவு செஞ்சு எடுக்காதீங்க. 2014லயே ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகள சேத்து அலசிட்டாங்க, லெக்சர்ல தோத்தவங்க சராசரியா 33.8 சதவீதம், ஆக்டிவ் கிளாஸ்ல 21.8. அந்த கேள்விக்கு 226வது பதிலா உங்க அஞ்சு வருஷத்த செலவழிக்க வேணாம். இப்ப தேவைப்படுற கேள்வி, அதுக்குள்ள எந்த துண்டு வேலை செய்யுது, யாருக்கு செய்யுது, எதனால செய்யுதுங்குறது. ஸ்டெம்னு நாலு துறையையும் கட்டி இழுக்காதீங்க, உங்க கைல இருக்குறது பிசிக்ஸ், அதுலயும் ரெண்டு யூனிட் போதும்.

ஒரு உதாரணம் சொல்றேன், அப்படியே எடுத்துக்கணும்னு இல்ல. ஹார்வர்ட்ல எரிக் மஸுர் 1991ல இருந்து பண்ண பியர் இன்ஸ்ட்ரக்ஷன் தெரிஞ்சிருக்கும். ஒரு கருத்து கேள்விய போடுவாங்க, முதல்ல தனியா பதில், சரியான பதில் சொன்னவங்க ரொம்ப கம்மியும் இல்லாம ரொம்ப ஜாஸ்தியும் இல்லாம இருந்தா, சுமாரா 30ல இருந்து 70 சதவீதம்னா, பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசி ஒத்துக்க வைக்கச் சொல்வாங்க, அப்புறம் மறுபடி ஓட்டு. கெட்டிக்காரன் சொன்னத மத்தவங்க காப்பி அடிக்குறாங்கன்னு ஒரு சந்தேகம் எப்பவும் வரும். 2009ல மிஷெல் ஸ்மித் குழு அத சோதிச்சாங்க, பேசி முடிச்சதும் அதே கருத்துல வேற கேள்விய தனியா போடச் சொன்னப்போ, ஆரம்பத்துல ஒருத்தருக்குமே விடை தெரியாத குரூப்ல கூட முன்னேற்றம் இருந்துச்சு. பேச்சுலயே ஏதோ நடக்குது.

சரி, பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு வரி காரணம் எழுத வச்சா அந்த பேச்சு மாறுமா? எழுதுனவன் தன் கருத்த விட்டுக் குடுக்காம வாதாடுவானா, இல்ல எழுதுனதாலயே பிடிவாதம் பிடிச்சு தப்புலயே நிப்பானா? எனக்கு இது நிஜமாவே ஆர்வமா இருக்கு, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, எந்த பக்கம் விடை வந்தாலும் ஆசிரியருக்கு உபயோகம். ஒரு பேப்பர், ஒரு பென்சில்ல முடியுற வேலை. டெக்னாலஜி இல்லாம தீசிஸ் எடுபடுமான்னு பயப்படாதீங்க, மேரி பட் ரோ கேள்வி கேட்டுட்டு ஆசிரியர் எவ்ளோ நேரம் காத்திருக்காங்கன்னு வெறும் டேப் ரெக்கார்டர வச்சு அளந்தாங்க, சராசரியா ஒரு செகண்டுதான், அத மூணு செகண்டா ஆக்குனா பசங்களோட பதில் நீளமாச்சு, பதில் சொல்ற பசங்களும் கூடுனாங்க. 1970கள்ல வந்த அந்த வேலைய இன்னிக்கும் ஆசிரியர் பயிற்சில சொல்லித் தர்றாங்க.

இந்த டாபிக்க நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம் உங்க 120 பேர். இத கவனமா படிங்க, இங்கதான் டாக்டரல் கமிட்டில மாட்டுவீங்க. ஒரு செக்ஷனுக்கு புது முறை, இன்னொண்ணுக்கு பழைய முறைனு வச்சா உங்க சாம்பிள் 120 இல்ல மேடம். ஒரு கிளாஸ்ல இருக்குற 60 பேருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே நேரம், ஒரே நண்பர் கூட்டம், அதனால அவங்க மார்க் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிட்டு இருக்கும். அந்த ஒட்டுதல் (முழு ஒட்டுதல்னா 1) வெறும் 0.1 இருந்தாலே கணக்கு இப்படி போகும்: 1 கூட்டல் 59 (60ல ஒண்ணு கம்மி) பெருக்கல் 0.1, அது 6.9, 120ஐ 6.9ல வகுத்தா 17 பேர் சொச்சம், அவ்ளோ பேர வச்சு பண்ண ஆய்வுக்குத்தான் இது சமம். இதுலயும் பெரிய சிக்கல் என்னன்னா ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கிளாஸ்தான் இருக்கு, மார்க் வித்தியாசம் முறையால வந்துதா, இல்ல ஒரு செக்ஷனுக்கு காலை முதல் பீரியட், இன்னொண்ணுக்கு சாப்பாட்டுக்கு அப்புறம்னு இருந்ததால வந்துதான்னு பிரிக்கவே முடியாது. எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் முடியாது.

காரணம் எழுதுற விஷயத்த எடுத்தீங்கன்னா இந்த சிக்கல் கழண்டுடும், ஏன்னா ஒரே கிளாஸுக்குள்ளயே பிரிக்கலாம். பெஞ்ச்ல பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு பேர் ஒரு ஜோடி. சீட்டு குலுக்கி பாதி ஜோடிக்கு காரணம் எழுத இடம் விட்ட தாள், பாதி ஜோடிக்கு விடைய மட்டும் குறிக்குற தாள், ரெண்டாவது தாள் கெடச்சவங்களுக்கு அந்த நேரம் வீணாகாம அதே கேள்விய இன்னொரு தடவ படிச்சு யோசிக்க விடுங்க, இல்லன்னா எழுதுனதால மாறுச்சா கூடுதல் நேரம் கெடச்சதால மாறுச்சான்னு கேப்பாங்க. ரெண்டு செக்ஷன்லயும் சேத்து 60 ஜோடி, உங்க அலகு ஜோடி, அதே நீங்கதான் ரெண்டு பக்கமும் ஆசிரியர், அதே பீரியட். ஒவ்வொரு ஜோடிக்கும் பத்து கேள்வி வரைக்கும் தொடர்ந்து டேட்டா எடுத்தா மிக்ஸ்டு மாடல்ல, அதாவது ஒரே ஜோடியோட பதில்கள் ஒட்டிகிட்டு இருக்குறதையும் கணக்குல எடுக்குற புள்ளியியல் முறைல போடலாம். அடுத்த யூனிட்ல, மின்சுற்றுன்னு வச்சுக்குவோம், தாள மாத்தி குடுத்துடுங்க. பல்புக்கு போற கரண்ட் பல்புலயே தீந்துடும்னு நம்புற பசங்க ஏராளம், அங்கயும் நல்லா தோண்டலாம். மாத்திக் குடுக்குறதுல யாருக்கும் அநியாயம் ஆகல, எத்திக்ஸ் கமிட்டிக்கும் அது நிம்மதி.

எத்திக்ஸ்னு சொன்னதும், உங்க பசங்ககிட்ட நீங்களே போய் ஆராய்ச்சில சேர சம்மதமான்னு கேக்காதீங்க. மார்க் போடுறவங்க கேட்டா எந்த பையனும் மாட்டேன்னு சொல்ல மாட்டான், அது சம்மதம் ஆகாது. வேற ஒரு கொலீக் வந்து வாங்கி கவர்ல ஒட்டி வச்சுக்கட்டும், செமஸ்டர் மார்க் வெளிய வந்தப்புறம்தான் யார் சம்மதிச்சாங்கன்னு நீங்க பாக்கணும். இது சின்ன விஷயமா தோணும், எனக்கு இது ரொம்ப முக்கியம்.

ஈடுபாட்ட அளக்குறதுக்கு ஆட்கள் வேணும். கோபஸ்னு ஒரு கவனிப்பு முறை 2013ல வந்துது, ரெண்டு ரெண்டு நிமிஷமா மாணவர்கள் என்ன பண்றாங்க, ஆசிரியர் என்ன பண்றார்னு குறிச்சுகிட்டே போகணும். ரெண்டு பேர் தனித்தனியா குறிச்சு ஒத்துப் போகுதான்னு பாக்கணும். ஆனா அதுவும் வெளிய தெரியுறதத்தான் காட்டும். உள்ள நடக்குறத பாக்க எட்டுலருந்து பத்து ஜோடி பேசுறத ரெக்கார்ட் பண்ணுங்க, எழுத்துல எடுங்க, "ஏன்னா", "அப்படி இருந்தா", "இல்ல இரு"ங்குற இடமெல்லாம் எங்க வருதுன்னு பாருங்க. ஒரு மணி நேர பேச்ச எழுத ஏழெட்டு மணி நேரம் ஓடிடும், சலிப்பாத்தான் இருக்கும், உங்க தீசிஸ்ல படிக்குறவங்க மறக்காத பக்கங்க அங்கிருந்துதான் வரும்.

வேலையோட முடியுமான்னு கேட்டீங்க. முடியும், உங்க கிளாஸே உங்க லேப்னு டாபிக்க அமைச்சா மட்டும். வெளிய போய் டேட்டா எடுக்குற டாபிக்னா மூணாவது வருஷம் மூச்சு வாங்கும். தினம் கிளாஸ் முடிஞ்சு பத்து நிமிஷம், இன்னிக்கு எந்த இடத்துல பசங்க தடுக்கி விழுந்தாங்க, என்ன வார்த்தை சொன்னாங்கன்னு மட்டும் எழுதுங்க. பசங்ககிட்ட முதல் வாரமே சொல்லிடுங்க, இந்த முறைல தடுமாற்றமா தோணும், தோணுறது வேற கத்துக்குறது வேற, கவலப்படாதீங்கன்னு. டெலோரியே குழுவும் அத ஆரம்பத்துலயே பேசிடணும்னுதான் சொல்றாங்க.

அடுத்த கைடு மீட்டிங்குக்கு புது டைட்டில் யோசிச்சு மண்டைய உடைச்சுக்காதீங்க. இந்த வாரம் ரெண்டு செக்ஷன்லயும் பத்து பத்து பேருக்கு பந்து கேள்விய குடுங்க, படம் வரைஞ்சு ரெண்டு வரி காரணம் எழுதச் சொல்லுங்க, பேர் வேணாம், மார்க் கிடையாதுன்னு சொல்லிடுங்க. அந்த இருபது தாளையும் டேபிள் மேல பரப்பி மேல் நோக்குற அம்ப போட்டவங்க எத்தன பேர், என்ன வார்த்தைல காரணம் சொல்லிருக்காங்கன்னு பிரிச்சு வைங்க. கேம் செக்ஷன் தாள் ஒரு பக்கம், போர்டு செக்ஷன் தாள் ஒரு பக்கம், கூடவே அந்த ஃபீட்பேக் ஃபார்ம், இன்டர்னல் மார்க் ரெண்டையும் எடுத்துகிட்டு கைடு ரூமுக்கு போங்க.